புதுப்பிப்பு: நாட்டுப்படகில் டர்போ டீசல் இன்ஜின், கரும்புகை நின்றது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: பாம்பனில் எங்கள் நாட்டுப்படகுக்கு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வைத்த டீசல் இன்ஜின் மாற்றினோம். சுமை இல்லாமல் சும்மா முறுக்கினால் நிமிடத்துக்கு 2800 சுற்று வரும். கடலில் ஓட்டினால் 2350-ஐத் தாண்டாது, கரும்புகை வேறு. ஏன் என்று இங்கே கேட்டிருந்தோம்.

டர்போவை மாற்றச் சொன்னார்கள் சிலர். குழாயைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தோம், தண்டில் ஆட்டமே இல்லை. அது பிழைத்தது, எங்கள் பணமும் பிழைத்தது.

பலித்தது, "இன்ஜின் பெட்டி மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள்" என்ற தூத்துக்குடி அண்ணனின் யோசனை. திறந்ததும் புகை பாதியானது, சுற்று 2450. பெட்டிக்குள் சூடான காற்றையே டர்போ இழுத்திருக்கிறது. 10 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். டீசல் எரியக் காற்று போதாது. வெளிக்காற்றுக்குத் தனிக் குழாய் போட்டோம்.

மீதிக் குறை புரொபெல்லரில். பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) 16 அங்குலத்திலிருந்து 14 ஆக்கியதும் இன்ஜினுக்குப் பாரம் குறைந்து, முழுச் சுமையில் 2750 வந்துவிட்டது. டீசல் செலவும் குறைந்த மாதிரி தெரிகிறது, இன்னும் அளக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. கச்சான் காற்றில் (தென்மேற்குக் காற்று) தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் போனபோது குழாய் வாய் வழியே உப்புத் தண்ணீர் தெறித்து ஃபில்டர் நனைந்துவிட்டது. வாயைப் பின்பக்கம் திருப்பிக் கீழ்நோக்கி வளைத்தோம், சரியானது. அப்புறம், கரைக்கு வந்ததும் உடனே அணைக்காமல் மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் டர்போ சூட்டில் ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும்.