திருகோணமலையிலிருந்து நேராகக் கலாநிதிப் படிப்புக்கா, பேராதனை வழியாகவா?

சல்லிக்கரை:
பௌதிகவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இப்போது உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். திண்மநிலைப் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் (பிஎச்டி) வரை போக விருப்பம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசித் திகதி டிசம்பரில் வருகிறது. நேராக விண்ணப்பிக்கப் போகிறேன் என்றால், முதலில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணியை முடி என்கிறார் அண்ணா. அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். யார் பேசினாலும் தலையாட்டுகிறார். அமெரிக்கப் பட்டப்பின்படிப்பு விண்ணப்பத்தோடு அனுப்பும் ஜிஆர்இ பௌதிகப் பரீட்சையை எழுதுவதா விடுவதா என்பதும் குழப்பம். கையில் இருப்பது மூன்று இலட்சம் ரூபாய். அது போனால் மறுபடி சேர்க்க இரண்டு வருடமாகும்.

ஓர்ஸ்ஹில் வாசி:
அண்ணா சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. மூன்று இலட்சம் என்பது ஏறக்குறைய ஆயிரம் டொலர். ஒரு விண்ணப்பத்துக்கு எண்பது தொண்ணூறு டொலர் வாங்குகிறார்கள், பௌதிகப் பரீட்சைக்கு 150, ஆங்கிலப் பரீட்சை தனி. ஏழெட்டு இடத்தோடு பை காலி. 2025இல் அமெரிக்க அரசு ஆய்வு நிதியில் கைவைத்தபின் அங்கே பல துறைகள் புதிய மாணவர் தொகையையே குறைத்தன. அந்த நாட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறைகளை ஆய்வுகூடத்தில் கழித்து, ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வந்த பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். ஓர் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நிற்க முடியுமா? பேராதனையில் விஞ்ஞானத்துக்கென்றே 1996இலிருந்து பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. வார இறுதியில் வகுப்பு. வெள்ளி கண்டி பஸ் ஏறினால் ஞாயிறு இரவு வீடு, டியூஷனும் கெடாது.

மினசோட்டாப் பனி:
ஐயா மன்னிக்கவேண்டும், இது இங்கிலாந்துக் கணக்கு. அமெரிக்காவில் இளமாணியோடு நேராகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம்; முதுமாணி அதற்குள்ளேயே அடங்கிவிடும். முதல் இரண்டு ஆண்டு பொறிமுறை, மின்காந்தவியல், குவாண்டம் என்று பாடங்கள்தான். முதுமாணி முடித்து வந்த என் அறை நண்பன் அதே பாடங்களை இங்கே இன்னொரு முறை படித்தான்.

செலவுக்குப் பயப்படவேண்டாம். அனுமதி கிடைத்தால் இளமாணி மாணவர்களின் ஆய்வுகூட வகுப்பை நடத்தச் சொல்வார்கள். அதற்குப் பதிலாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் தருவார்கள். வகுப்பு நடத்தவேண்டும் என்பதால்தான் ஆங்கிலப் பரீட்சையில் பேச்சுப் பகுதிக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சப் புள்ளி கேட்கும் துறைகள் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஆர்இ பௌதிகப் பரீட்சை 2023 செப்டெம்பரிலிருந்து கணினியில் நடக்கிறது. இரண்டு மணி நேரம், சுமார் 70 வினா. ஐந்தில் ஒரு பங்கு பொறிமுறை, அதற்கு அடுத்தது மின்காந்தவியல். கொரோனாவுக்குப் பிறகு நிறையத் துறைகள் இதைக் கட்டாயமில்லை என்றன. அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்றவையும் உண்டு. நாற்பத்தையாயிரம் ரூபாயைக் கடலில் போடாதீர்கள்.

ஓர்ஸ்ஹில் வாசி:
கட்டாயமில்லை என்ற சொல்லை அப்படியே நம்புகிறீரா தம்பி? கல்யாண வீட்டு அழைப்பில் 'அன்பளிப்புகள் தவிர்க்கவும்' என்று போடுவதில்லையா? தெரிவுக்குழுவில் இருப்பவருக்கு நிலாவெளிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருப்பதே தெரியாது. எங்கள் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எவ்வளவு வியர்வை என்றும் தெரியாது. அவருக்கு விளங்கும் ஒரே எண் அந்தப் பரீட்சைப் புள்ளிதான். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதும் இப்போது இல்லை.

மினசோட்டாப் பனி:
இதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பெயர் தெரியாத இடத்திலிருந்து வருகிறவருக்கு நல்ல புள்ளி கைகொடுக்கும். ஆனால் நடுத்தரப் புள்ளி? அதற்குக் காசு கொடுத்து என்ன பயன்? வானியல் துறைகள் இந்தப் பரீட்சையைக் கைவிடவேண்டும், அல்லது விருப்பத்துக்கு விடவேண்டும் என்று அமெரிக்க வானியல் சங்கமே 2016இல் கேட்டுக்கொண்டது. மாதிரி வினாத்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் செய்து பாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம். விண்ணப்பக் கட்டணத்தையும் சில துறைகள் தள்ளுபடி செய்யும். பணிவாக ஒரு மின்னஞ்சல் போதும். நான் இரண்டு இடத்தில் கேட்டேன், ஓரிடத்தில் தந்தார்கள்.

கன்னியாக் கிணறு:
இருவரும் பரீட்சையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஆறு இடத்துக்கு விண்ணப்பித்தேன், ஆறும் இல்லை என்றன. பிற்காலத்தில் எனக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதம் ஒன்றின் பிரதி கையில் வந்தது. மூன்று வரி. 'இவர் ஒழுக்கமானவர். அமைதியானவர். விரிவுரைகளுக்கு ஒழுங்காகச் சமுகமளித்தார்.' கல்யாணத் தரகருக்கு எழுதியது போல! எழுதியவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர் பாடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தோம், நான் ஒரு நாளும் போய்ப் பேசியதில்லை.

பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்பார்கள். தங்கச்சி, நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? இறுதியாண்டில் என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று: இத்தாலியில் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய பௌதிக மையம் இருக்கிறது. எங்களைப் போன்ற நாட்டு மாணவர்களுக்கென்று ஓராண்டுப் பட்டப்பின் டிப்ளோமா நடத்துகிறது. உங்கள் திண்மநிலை அடங்கும் அடர்பொருள் பௌதிகம் அதில் ஒரு பிரிவு. செலவு அவர்களுடையது, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. முதுமாணி கேட்பார்கள், மிகச் சிறந்த இளமாணி என்றாலும் எடுப்பார்கள். ஜேர்மனியைப் பற்றி யாராவது சொல்வார்கள். கட்டணம் இல்லாத பல்கலைக்கழகங்கள் உண்மைதான், ஆனால் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். தபால்காரர் ஓய்வூதியத்தில் நடக்கிற காரியமா?

சல்லிக்கரை:
நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) மென்படலத்தின் தடையை நான்கு முனை முறையில் அளந்தேன். காலையில் ஒரு பெறுமானம், பின்னேரம் வேறொன்று. கருவி பழுது என்று இரண்டு கிழமை வயர்களை மாற்றி மாற்றிப் பூட்டினேன். ஒரு நாள் யன்னலைச் சாத்தியபோது பெறுமானம் மெதுவாக ஏறத் தொடங்கியது. வெயில் பட்டால் தடை இறங்குகிறது! பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் ஆணியால் துளையிட்டு, வயரை உள்ளே விட்டு, படலத்தின் மேல் கவிழ்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்தேன். பழைய அளவுக்குத் திரும்ப மறுநாள் காலையாகிவிட்டது. செயற்றிட்டத்தை மேற்பார்த்த சேர் இரவு பத்து மணி வரை கூடவே இருந்தார். பிறகுதான் கட்டுரைகளைத் தேடி வாசித்து, ஒளி போனபின்னும் கடத்துதிறன் நீடிப்பது இந்தப் பொருளில் தெரிந்த விடயம் என்று அறிந்தேன்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கூற்றில் இதை எழுதவில்லை. சிறுவயதில் கோணேசர் மலையில் நின்று நட்சத்திரம் பார்த்ததிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

மினசோட்டாப் பனி:
நட்சத்திரத்தை வெட்டுங்கள். பிஸ்கட் டின்னை முதல் பந்திக்குக் கொண்டுவாருங்கள். முதல் கடிதம் அந்தச் சேரிடம் கேளுங்கள், இன்றைக்கே.

ஓர்ஸ்ஹில் வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே பிள்ளை. சரி, நேராகவும் போடுங்கள். ஆனால் பேராதனை விண்ணப்பத்தையும் நிரப்புங்கள். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கன்னியாக் கிணறு:
சேரிடம் வெறுங்கையோடு போகவேண்டாம். அந்த இரவு எடுத்த வாசிப்புகள், வரைபு, அவருடைய பாடத்தில் எடுத்த புள்ளி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாவம், அவருக்கும் எத்தனை பேர் ஞாபகம் இருக்கும்?

சல்லிக்கரை:
சேர் சம்மதித்துவிட்டார். அந்தக் கொப்பியைக் கொண்டுவா என்றார். டியூஷன் வினாத்தாள்களுக்கு அடியில் கிடந்தது. ஓரமெல்லாம் ஈரக்கறை, எண்கள் தெளிவாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் ஐந்து இடம், திரியெஸ்தே ஒன்று. மாதிரி வினாத்தாளைச் செய்து பார்த்தேன், குவாண்டத்தில் விழுந்தேன்; ஆகவே பரீட்சை இந்த வருடம் இல்லை. பேராதனைப் படிவத்தை அண்ணா கொண்டுவருகிறார்.

ஒரு கேள்வி மட்டும். பிஸ்கட் டின் என்றே எழுதுவதா, 'ஒளிபுகா உறை' என்று எழுதுவதா?

ஓர்ஸ்ஹில் வாசி:
ஒளிபுகா உறை. வெளிநாட்டுக்குப் போகிற கடதாசி, கௌரவமாக இருக்கட்டும்.

மினசோட்டாப் பனி:
பிஸ்கட் டின்.