வழிதவறி வந்த நாய் எங்கள் வீட்டில் இருக்கிறது: உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நாங்கள் குடியிருக்கிறோம். ஞாயிறு மாலை அம்மன் கோவிலில் கூழ் வார்த்து வெடி வெடித்த சற்று நேரத்தில், நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், எங்கள் நாட்டு நாய் கருப்பனுடன் நடந்துகொண்டிருந்தபோது, நின்றிருந்த சரக்கு ஆட்டோவின் அடியில் ஒரு பழுப்பு நாய் நடுங்கிக்கொண்டு ஒண்டியிருப்பதைப் பார்த்து என்னை அழைத்தாள். அதன் கழுத்தில் சிவப்புப் பட்டையும் அறுந்த கயிற்றுத் துண்டும் இருந்தன.

நான் பிஸ்கட்டை நீட்டியதும் அது உறுமியது. கருப்பனோ நேராகப் போகாமல், தரையை மோந்தபடி அரைவட்டமாகச் சுற்றிச் சென்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சற்றுத் தள்ளிப் படுத்துவிட்டான். மகளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாயைப் பார்க்காமலே ஏழாம் வாய்ப்பாட்டை மெல்லச் சொல்லத் தொடங்கினாள். அவள் அதை மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருந்தபோது அது வயிற்றைத் தரையில் தேய்த்தபடி வெளியே வந்து, கருப்பனின் பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இரண்டு நாட்களாகத் தயிர்சோறு சாப்பிடுகிறது. உரியவரை எவ்வாறு தேடுவது? கருப்பனுடன் ஒன்றாக வைத்திருக்கலாமா? திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாலே மகள் அழுகிறாள்.

பதில் 1: பெரம்பூர், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

அம்மா, உங்கள் மகள் கையை நீட்டாமல் தள்ளி உட்கார்ந்தது மிகச் சரியான செயல், ஏனெனில் பயந்த நாயை வண்டிக்கடியிலிருந்து கையால் இழுக்க முயலும்போதுதான் பெரும்பாலும் கடி விழுகிறது. ஆனால் இரண்டையும் இன்றே பிரித்து வையுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்கள் வெளியே தெரியாமல் சில நாட்கள் உடலில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு வாரம் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கும் சாக்கு எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கருப்பனுக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.

குழந்தையின் மேல் பல்லோ நகமோ சிறிது கீறியிருந்தாலும், நாயின் எச்சில் புண்ணில் பட்டிருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதில் தயக்கமே கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுபோய், தோலுக்கடியில் மைக்ரோசிப் (அடையாள எண் கொண்ட சிறு சில்லு) உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 15 இலக்க எண் கிடைக்கும். உரிமையாளரின் விவரம் அந்த எண்ணோடு பதிவாகியிருந்தால் தேடும் வேலை எளிதாகிவிடும்.

பதில் 2: காசிமேடு

சகோதரி, என் நாயும் ஒரு தீபாவளி இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான்கு நாட்கள் எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தேடி அலைந்தேன், இன்றுவரை கிடைக்கவில்லை. நீங்கள் அழைத்து வைத்திருக்கும் நாய்க்கும் ஒரு வீட்டில் யாரோ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். தேடி வருபவர் அதைத் தானாகச் சொல்ல வேண்டும். பழைய படமும் காட்ட வேண்டும். டீக்கடை, பால் பூத், மருந்துக்கடை ஆகியவற்றில் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள், ஏனெனில் நாயைத் தேடுபவர் முதலில் விசாரிப்பது அங்கேதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சிப் எதுவும் இல்லை. பால் பூத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் தன் பேரனுடன் வந்தார். பின்னங்காலின் ஒரு விரலில் நகம் கிடையாது என்று, நான் மறைத்து வைத்திருந்ததை அந்தச் சிறுவனே சொன்னான். அவன் குரலைக் கேட்டதும் நாய் குளியலறைக் கதவைப் பிறாண்டியது. என் மகள்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

கருப்பனை இரண்டு வாரம் கவனித்து வருவேன். அந்தச் சரக்கு ஆட்டோவைக் கடக்கும்போதெல்லாம் அவன் நின்று அதன் அடியில் பார்க்கிறான். மகளும் கூடவே குனிந்து பார்க்கிறாள்.