லினக்ஸ் மின்ட்ல இருந்து விண்டோஸ் 11 ஷேர் போல்டர் திறக்கல, பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேக்குது

தக்கலை ஸ்டுடியோ:
எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில போட்டோ ஸ்டுடியோ நடத்துறேன். கேமரா கார்டு இறக்குறதெல்லாம் முன்னறை விண்டோஸ் 11 மெஷின்ல. உள்ளறையில தங்கச்சி லினக்ஸ் மின்ட்ல டார்க்டேபிள்ங்குற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் வச்சு கலர் பாக்குறா. அங்க இருந்து ஷேர் போல்டரத் திறந்தா யூசர்நேம், டொமைன், பாஸ்வேர்டு மூணும் கேக்குது. நான் தினமும் மெஷின் திறக்குற அதே நம்பரைத்தான் போடுறேன். கனெக்ட் அமுக்கினதும் அதே பெட்டி மறுபடி வந்து நிக்குது. பிங் போகுது, கேபிளும் சரியா இருக்கு. பாஸ்வேர்டு கேக்குறதையே ஆஃப் பண்ணிட்டு எவரிஒன், அதாவது எல்லாருக்கும் அனுமதி, குடுத்துருன்னு ஒருத்தர் சொல்லுதாரு. அடுத்தவங்க வீட்டு கல்யாணப் படம், அப்படித் திறந்து போட மனசு வரல.

மார்த்தாண்டம் நெட்வொர்க்:
தம்பி, எவரிஒன் வேண்டவே வேண்டாம். கடை வைஃபைய வாடிக்கையாளருக்கும் குடுப்பிய, அவங்க போன்ல இருந்தே படம் எல்லாம் திறந்துரும்.

நீங்க போடுற நம்பர் பின். அது அந்த மெஷினுக்கு முன்னால உக்காந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியா வந்தா விண்டோஸ் அதை ஏத்துக்கிடாது, அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான் வேணும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்னா யூசர்நேம் எடத்துல முழு மெயில் முகவரி.

தக்கலை ஸ்டுடியோ:
அண்ணே, மெயிலும் அதுக்க பாஸ்வேர்டும் போட்டாச்சு. இதே பாஸ்வேர்டு பிரவுசர்ல வேலை செய்யுது, இங்க மட்டும் பிடிக்கல.

மார்த்தாண்டம் நெட்வொர்க்:
அப்ப அந்த மெஷின் வாங்கின நாள்ல இருந்தே பின் வச்சுத்தான் உள்ள போயிருப்பிய. அப்படி இருந்தா பாஸ்வேர்டு அந்த மெஷின்ல பதிஞ்சே இருக்காது, ஒத்துப் பாக்க ஒண்ணும் இல்லாம மறுத்துரும். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்க. விண்டோஸ் ஹலோ மட்டும் போதும்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணி, லாக் அவுட் ஆகி, ஒரு தடவை பாஸ்வேர்டு அடிச்சு உள்ள வாங்க.

ஆனா கடைக்கு நான் சொல்லுறது வேற வழி. ஷேருக்குன்னே தனியா ஒரு லோக்கல் யூசர் உண்டாக்குங்க. அதர் யூசர்ஸ்ல, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாம சேர்க்குற வழி இருக்கு. பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்க, காலியா விட்டா நெட்வொர்க்ல விடாது. பெறவு போல்டர் பிராப்பர்ட்டீஸ்ல ஷேரிங், செக்யூரிட்டி ரெண்டு டேப்லயும் அந்த யூசரைச் சேருங்க. பலபேரு ஷேரிங்கோட நிறுத்திருவாங்க. ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் செல்லும். மின்ட்ல டொமைன் எடத்துல அந்த விண்டோஸ் மெஷினுக்க பேரைப் போடுங்க.

குளச்சல் டிடிபி:
இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். எனக்கு நேர் எதிர். போல்டர் உபுண்டுல, திறக்குறது விண்டோஸ் 11 புரோ. உபுண்டு பாஸ்வேர்டு சரியாப் போட்டாலும் யூசர்நேம் இல்லன்னா பாஸ்வேர்டு தப்புன்னு 1326 எரர் வருது.

மார்த்தாண்டம் நெட்வொர்க்:
அக்கா, உபுண்டுல இருந்து விண்டோஸுக்கு போல்டர் ஷேர் பண்ணுற சாஃப்ட்வேர் சாம்பா. அது தனக்குன்னு தனி பாஸ்வேர்டு பட்டியல் வச்சிருக்கும், உபுண்டு லாகின் பாஸ்வேர்டை எடுத்துக்கிடாது. டெர்மினல்ல சூடோவோட (sudo) smbpasswd கட்டளைக்கு ஹைஃபன் ஏ (-a) சேர்த்து உங்க யூசர்நேம் குடுங்க, புது பாஸ்வேர்டு கேக்கும். பாஸ்வேர்டு இல்லாம கெஸ்டா யாரும் வரட்டும்னு, கெஸ்ட் ஓக்கேன்னு சாம்பாவுல எழுதி தப்பிக்கப் பாக்காதீங்க. 2024ல வந்த 24எச்2 அப்டேட்டுக்குப் பெறவு விண்டோஸ் 11 புரோ, கெஸ்டா உள்ள போறதை வழக்கமா மறுக்கும். போல்டர் ஷேரிங்குக்கான பழைய முறை எஸ்எம்பி 1, அதை ஆன் பண்ணச் சொல்லியும் யாராவது வருவாங்க. 2017ல வான்னாக்ரைங்குற, பைல்களைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ் பரவினது அதுல இருந்த ஓட்டை வழியாத்தான், தொடாதீங்க.

தக்கலை ஸ்டுடியோ:
லோக்கல் யூசர் உண்டாக்கினேன், மின்ட்ல திறந்துட்டு! செக்யூரிட்டி டேப்ல சேர்க்குறதுக்கு முந்தி உள்ள போச்சு, ஆனா போல்டர் மேல கிளிக் பண்ணினா அனுமதி இல்லன்னுது. அங்க சேர்த்ததும் படம் எல்லாம் வந்துட்டு. இப்ப பழைய விண்டோஸ் 10 மெஷின் மட்டும் புது யூசரைப் போட்டா 1219ன்னு எரர் காட்டுது.

மார்த்தாண்டம் நெட்வொர்க்:
ஒரே சர்வருக்கு ரெண்டு யூசர் பேர்ல ஒரே நேரத்துல போக விண்டோஸ் விடாது. பழைய பேர்ல ஒரு கனெக்ஷன் இன்னும் நிக்குது. மேப் பண்ணின டிரைவ டிஸ்கனெக்ட் பண்ணுங்க, சேமிச்ச பாஸ்வேர்டெல்லாம் இருக்குற கிரெடென்ஷியல் மேனேஜர்ல அந்த மெஷின் பேர்லயும் ஐபி பேர்லயும் உள்ளதை ரெண்டையும் அழிங்க, லாக் அவுட் ஆகி வாங்க.

தக்கலை ஸ்டுடியோ:
ஐபி பேர்ல ஒண்ணு பழைய மெயிலோட கிடந்துது அண்ணே. அழிச்சதும் திறந்துட்டு. ரொம்ப நன்றி. தங்கச்சி சர்ச் கல்யாண ஆல்பத்துக்கு கலர் பாக்கத் தொடங்கியாச்சு.

குளச்சல் டிடிபி:
எனக்கும் சரியாச்சு. விண்டோஸ்ல பழைய பாஸ்வேர்டு சேமிச்சிருந்தது, அதையும் அழிக்க வேண்டி வந்தது.