சி.டி.யில் இடது இலியாக் சிரை 60% நசுங்கல், கால் வீக்கம்: ஸ்டென்ட் வைத்தே ஆகணுமா?

ஸ்கேன்அறை:
34 வயதுப் பெண். இடது கால் மட்டும் தொடை வரை வீக்கம், எட்டு மாதமாக. மாலையில் கூடும், தூங்கி எழுந்தால் பாதி வடியும். கால் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ரத்தக்கட்டி இல்லை. யானைக்கால் மாத்திரையும் ஒரு சுற்று முடிந்தாயிற்று. இப்போது சி.டி. வெனோகிராமில் (சாயம் விட்டு சிரைகளைப் பார்க்கும் சி.டி.) இடது இலியாக் சிரை, அதாவது கால் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் இடுப்புச் சிரை, 60% நசுங்கல்; தமனி அதை அமுக்கும் மே-தர்னர் நோய் என்று ரிப்போர்ட். அடுத்து என்ன?

சிரைப்பக்கம்:
அந்த 60%-ஐ மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். வலது இலியாக் தமனி, இடது இலியாக் சிரையை ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்போடு சேர்த்து அமுக்குவது பலருக்கும் உள்ள உடலமைப்புதான். கால் தொந்தரவே இல்லாத 50 பேரின் சி.டி.யைப் பார்த்த 2004 ஆய்வில், 24% பேருக்கு பாதிக்கு மேல் நசுங்கல் இருந்தது. பட்டினியோடு, தண்ணீர் குறைந்த உடம்போடு மல்லாந்து படுத்தால் சிரை இன்னும் தட்டையாகத் தெரியும்.

டாப்ளரைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பல இடங்களில் தொடை இடுக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்; சிக்கல் இருப்பதோ அதற்கு மேலே. இரு பக்கமும் பொதுத் தொடைச் சிரையின் (தொடை இடுக்கிலுள்ள பெரிய சிரை) ரத்த ஓட்ட அலையை ஒப்பிடணும். வலதில் மூச்சோடு ஏறி இறங்கி, இடதில் மட்டும் ஒரே கோடாக ஓடினால் மேலே தடை என்று சந்தேகிக்கலாம். இரு பக்கமும் கோடாக இருந்தால், இரு இலியாக் சிரைகளும் மேலே சேரும் பெருஞ்சிரையைப் பாருங்கள். சி.டி.யில் இடுப்புக்குக் குறுக்கே மாற்றுப்பாதைச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்பது சதவீதத்தைவிட முக்கியம். வயிற்றுக்குள் வளரும் சதைக்கட்டி, நெறிகட்டு, நிரம்பி வழியும் சிறுநீர்ப்பைகூட சிரையை அமுக்கும்.

யானைக்கால் சந்தேகத்துக்கு (அது நிணநீர் தேங்கி வரும் வீக்கம்): இரண்டாம் கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். தூக்கவே வரவில்லையென்றால் நிணநீர் வீக்கமாக இருக்கலாம். வந்துவிட்டால் அது இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிரைத் தடை, நிணநீர் வீக்கம் இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

ஸ்கேன்அறை:
அலை கோடாகத்தான் இருக்கிறது, இடதில் மட்டும். ஸ்டென்ட் அளவு எப்படி?

கேத்லேப்:
முதலில் ஐவஸ், அதாவது சிரைக்குள்ளேயே விடும் அல்ட்ராசவுண்ட். சாயம் விட்டு எடுக்கும் வெனோகிராம் முன்பக்கத்திலிருந்து பார்ப்பது. முன்னும் பின்னும் நசுங்கிய சிரை அதில் அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். ஐவஸில் சிரையின் உள்பரப்பு 50%-க்கு மேல் குறைந்து, கூடவே தொந்தரவும் இருந்தால்தான் ஸ்டென்ட்.

பலூனால் சிரையை விரிப்பது மட்டும் போதாது. தமனி வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டே இருப்பதால் திரும்பச் சுருங்கும். தவிர உள்ளே தழும்புத் தடுப்பும் வளர்ந்திருக்கலாம். 1957-ல், இந்த நோய்க்குப் பெயர் தந்த மேயும் தர்னரும் 430 சடலங்களில் 22%-இல் கண்டது அதைத்தான்.

அளவில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. பொது இலியாக்குக்கு (இலியாக் சிரையின் மேல்பகுதி) வழக்கமாக 14 முதல் 18 மி.மீ., சிரைக்கென்றே செய்த ஸ்டென்ட். நசுங்கிய இடத்தை அல்ல, அதற்குக் கீழே உள்ள நல்ல சிரையை அளக்கணும். சிறிதாக, 60 மி.மீ.க்குக் குட்டையாக வைத்தால் நழுவி இதயத்துக்கே போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. மேல்முனை பெருஞ்சிரைக்குள் அதிகம் நீண்டால் வலது இலியாக் சிரையின் வாயை மறைத்து, அங்கே ரத்தக்கட்டி உருவாகலாம். போதாமல் நின்றால் நசுங்கல் ஸ்டென்ட்டுக்கு மேலே அப்படியே நிற்கும்.

சிரைப்பக்கம்:
ஐவஸுக்கு முன் சில மாதம் 20–30 மி.மீ. பாதரச அழுத்தத் தொடைக்காலுறை போட்டுப் பார்க்கலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் போடணும், வீங்கிய பிறகு போட்டுப் பயன் குறைவு. அதற்கும் முன் காலுக்குத் தமனி ரத்தம் சரியாகப் போகிறதா என்று கணுக்கால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும்.

கேத்லேப்:
ஸ்டென்ட்டுக்குப் பின் முதுகுவலி சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஒரு டாப்ளர், பிறகு 3, 6, 12 மாதங்களில். ரத்தக்கட்டி இருந்தவர்களுக்கு உறைதல் தடுப்பு மருந்து குறைந்தது 3–6 மாதம். இவரைப் போல ரத்தக்கட்டி இல்லாதவர்களுக்கு எது, எவ்வளவு நாள் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கால் திடீரென்று பெருத்து, நீலம் பாரித்து வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு.