எட்டுப் பேர் ஆடும் பிரிமியர் லீக் டிராஃப்ட்: சமநிலையான அணியை அமைப்பது எப்படி?

தோட்டத்துத் தம்பி: சுங்கை சிப்புட் தோட்டப் புறத்தில் நாங்கள் எட்டுப் பேர் பிரிமியர் லீக் ஃபேன்டசி டிராஃப்ட் (இங்கிலாந்துக் காற்பந்து லீக்கின் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு; ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை மற்றவர் எடுக்க முடியாது) ஆடவிருக்கிறோம். தேர்வு வரிசைக்கான குலுக்கலில் எனக்கு 7ஆவது இடம் விழுந்துள்ளது. முதலில் யாரை எடுத்தால் அணி சமநிலையாக அமையும், அண்ணன்மார்களே?

பேராக் ரசிகன்: தம்பி, இரண்டாம் சுற்றில் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் உங்களுக்கு 7ஆவது, 10ஆவது தேர்வுகள் கிடைக்கும், இடையில் 8ஆவது இடத்துக்காரர் ஒருவர் மட்டுமே (8, 9ஆவது தேர்வுகளை) எடுப்பார் என்பதால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். எட்டு அணிகளுக்குத் தலா 3 தாக்குதல் ஆட்டக்காரர்கள் என்றால் 24 பேர் வேண்டும். ஆனால் லீக்கின் 20 கிளப்புகளில் பல ஒருவரை மட்டுமே முன்னால் நிறுத்துவதால், பற்றாக்குறை அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஒருவரையாவது அப்போதே பிடித்துவிடுங்கள்.

பால்மரம்: அண்ணன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கோலுக்குத் தாக்குதல் ஆட்டக்காரர் பெறுவது 4 புள்ளிகள், நடுத்திடல் ஆட்டக்காரர் பெறுவதோ 5. பெனால்டி உதைக்கும் நடுத்திடல் ஆட்டக்காரர் எஞ்சியிருந்தால் நான் தயங்காமல் அவரையே எடுப்பேன். கோல் காவலர்கள் இருவரையும் கடைசிச் சுற்றுகளுக்கு விடலாம்.

தோட்டத்துத் தம்பி: மிக்க நன்றி. அப்படியானால் 7இல் நடுத்திடல், 10இல் தாக்குதல் என முடிவு செய்கிறேன்.

பேராக் ரசிகன்: நல்லது தம்பி. ஆனால் 10ஆவது தேர்வில் வாரந்தோறும் தவறாமல் களமிறங்குபவரையே எடுங்கள்.