பழைய பாடசாலை வீடியோ கசட்டுகளை என்ன செய்வது?

கேள்வி (ஹட்டன்): எங்கள் தோட்டப் பாடசாலை அலுமாரியில் விஞ்ஞானப் பாட விஎச்எஸ் கசட்டுகள் நிறையக் கிடக்கின்றன, இந்த மழைக்குச் சிலதில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. டிஜிட்டலாக்கினாலும் லயத்தில் சிக்னல் கிடையாதே, பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

பதில் (பண்டாரவளை): பூஞ்சணம் பிடித்ததை அப்படியே பிளேயரில் போட்டுவிடாதீர்கள் சேர், நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்றக் கசட்டுகளுக்கும் பரவும். நல்லவற்றை, பிளேயரைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கெப்சர் கருவி வழியே பதியுங்கள். ஒரு மணி நேரக் கசட்டுக்கு ஒரு மணி நேரமேதான். படத்தின் ரெசலூஷனை 576 வரிக்கு மேல் வைத்தாலும் படம் தெளிவாகாது, இடம்தான் வீண்.

பதில் (நுவரெலியா): ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கோலிப்ரி என்ற பாட மென்பொருளைப் போடுங்கள், இணையம் இல்லாமலே வகுப்பு முழுக்க வைஃபையில் பார்க்கலாம். வீட்டுக்கு மெமரி காட். அப்புறம், உரிமை யாரிடம் என்று கட்டாயம் பாருங்கள், 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: சரி, நல்ல கசட்டுகளை நாளைக்கே பிரித்தெடுக்கிறேன்.