மறு: வரலாற்றை மாற்றுவதற்கு ஒரு சொல் – ‘திருத்தம்’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். காலப்பயணம் பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் விவாதத்தில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> காலப்பயணி கடந்தகாலத்துக்குப் போய் நடந்ததை மாற்றுவதை ‘வரலாற்றுத் திருத்தம்’ எனலாம். சுருக்கமான சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும், அதில் சந்தேகமில்லை. என் தயக்கம் வேறு. பிழை இருக்கிற இடத்தில்தான் திருத்துவோம். ‘திருத்தம்’ என்று சொன்ன மாத்திரத்தில் பழைய வரலாறு பிழை, புதியது சரி என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பதுதான் இங்கே விவாதமே. ‘வரலாற்றுச் சிதைப்பு’ என்று இன்னொரு நண்பர் எழுதியதையும் இதே காரணத்தால் ஏற்க முடியவில்லை. அது எதிர்ப்பக்கத் தீர்ப்பு. ‘வரலாற்று மாற்றம்’ எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் மன்னராட்சி போய் மக்களாட்சி வந்ததற்கும் அதைத்தானே சொல்கிறோம்?

ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பார்க்கலாம். 1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார்மேல் காலையில் வீசிய குண்டு அவருக்குப் படவில்லை. பின்னால் வந்த காரில் இருந்தவர்களுக்குக் காயம். நகர மண்டப வரவேற்பு முடிந்ததும், அடிபட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம் என்றார் இளவரசர். ஊருக்குள் நுழையாமல் ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போவதென்று வழியையும் மாற்றினார்கள். அந்தச் சேதி ஓட்டுநரின் காதுக்கு எட்டவில்லை. லத்தீன் பாலத்தருகே பழைய திட்டப்படி வலப்பக்கம் திரும்பினார். காரில் இருந்த ஆளுநர் போட்டியோரெக் வழி தவறு என்று சத்தம் போட, வண்டி நின்றது. நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்ரீலோ பிரின்சிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான். சரியாக ஒரு மாதத்தில் ஆஸ்திரியா செர்பியாமீது போர் தொடுத்தது.

காலப்பயணி அங்கே போய் யாரையும் கொல்ல வேண்டாம். கார் புறப்படுமுன் ஓட்டுநரிடம் ‘நேராகவே போங்கள்’ என்று சொன்னால் போதும். தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் மாண்ட ஒரு போர் நடக்காமலே போயிருக்கலாம். வேறொரு காரணத்தால் அடுத்த ஆண்டே மூண்டும் இருக்கலாம். இளவரசர் கொலை ஒரு பொறிதான், வெடிமருந்து முன்பே குவிந்திருந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது இருக்கட்டும். போர் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்று நிச்சயம்: அதற்குப் பின் பிறந்தவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

இதை மிகையாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை இன்ன குழந்தையாகக் கருக்கொள்வது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. தாய் தந்தை சந்திப்பது கொஞ்சம் தள்ளிப்போனாலே பிறப்பது வேறொரு பிள்ளை. மெய்யியலாளர் டெரிக் பார்ஃபிட் 1984இல் வந்த நூலில் இந்தச் சிக்கலை விரிவாக எழுதினார். அவர் பேசியது நாம் இன்று எடுக்கும் முடிவுகளையும் இனிமேல் பிறக்கப்போகும் தலைமுறைகளையும் பற்றி. அதைத் திருப்பிக் கடந்தகாலத்தின்மேல் வைத்தால் இன்னும் கடுமையாக இருக்கிறது. சிறிய மாற்றம் சிறியதாகவே நின்றுவிடும் என்றும் நம்ப முடியாது. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்டு லொரென்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரம் பழைய கணக்கோடு ஒட்டிப்போன வானிலை, பிறகு முற்றிலும் வேறு வானிலையாகிவிட்டது. ‘நல்லதை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன்’ என்று ஒரு காலப்பயணி சொன்னால் அவரை நம்ப என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அப்புறம், நாம் ஒரு சொல் தேடுவதே தவறு என்று படுகிறது. மூன்று வெவ்வேறு செயல்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம்.

முதலாவது, கடந்தகாலத்துக்குப் போனாலும் எதையும் மாற்ற முடியாத நிலை. ஏனென்றால் நீங்கள் போனதும் சேர்ந்துதான் அந்த வரலாறு. 1976இல் மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார்: கடந்தகாலத்தில் விளைவு உண்டாக்கலாம், அதை மாற்ற முடியாது. இயற்பியலில் நோவிகோவின் தன்னிசைவுக் கொள்கை, அதாவது தனக்குத்தானே முரண்படும் நிகழ்ச்சி நடக்கவே நடக்காது என்பது, இதே பக்கம்தான். பில்லியர்ட்ஸ் பந்துக் கணக்கு இதற்கு நல்ல சான்று. வெளியிலும் காலத்திலும் தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளை ஒன்றில் நுழையும் பந்து சற்று முந்தைய நேரத்தில் வெளியே வருகிறது. துளையை நோக்கி வரும் தன்னையே மோதித் தள்ளிவிடுகிறது. தள்ளிவிட்டால் துளைக்குள் நுழைந்தது எப்படி? இயற்பியலாளர் போல்சின்ஸ்கி எழுப்பிய கேள்வி இது. 1991இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் இரு மாணவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வெளியே வரும் பந்து உரசிக்கொண்டு மட்டும் போகும். அந்த உரசலே பந்தைத் துளைக்குள் சற்றுக் கோணலாக அனுப்பும். கோணலாக நுழைந்ததால்தான் வெளியே வரும்போது நேராக மோதாமல் உரசுகிறது. முரண் எங்கும் இல்லை. சரயேவோவில் இப்படி நடந்தால்? எச்சரிக்க வந்த காலப்பயணி தெருவோரம் நின்று ‘வழி தவறு’ என்று கத்தியிருப்பார். அந்தக் கூச்சலும் சேர்ந்தே வண்டியை நிறுத்தியிருக்கும். இதற்குப் ‘பங்கேற்பு’ என்ற எளிய சொல்லே போதும். பங்கேற்றவருக்குப் பொறுப்பும் உண்டு என்பது அந்தச் சொல்லிலேயே தொனிக்கிறது.

இரண்டாவது, மெய்யாகவே பழையதன்மேல் புதியதை எழுதுவது. கணினித் தமிழில் ‘மேலெழுது’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘மேலெழுதல்’ என்றால் எழும்பி வருதல் என்று படித்துவிடுவார்கள், அதனால் ‘மேலெழுதுகை’.

மூன்றாவது, கிளை பிரிவது. நடக்கக்கூடிய ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உலகில் நடக்கிறது என்னும் பல்லுலக விளக்கத்தை இயற்பியலாளர் எவரெட் 1957இல் முன்வைத்தார்; அதை வைத்து 1991இல் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் எழுதிய வழி இது. பயணி போய்ச் சேர்வது வேறோர் உலகின் கடந்தகாலம். புறப்பட்ட உலகம் அப்படியே இருக்கும். இதைப் பலர் குற்றமற்ற வழி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் உலகில் செத்தவர்கள் செத்தவர்கள்தான். யாரையும் காப்பாற்றியதாகப் பயணி சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே அவருக்கு இருந்த கடமைகளையும் கைவிட்டுவிட்டு வந்திருக்கிறார். சொல்: ‘கிளைப்பு’.

மூன்றுக்கும் பொதுவாக ‘வரலாற்று இடையீடு’ என்று வைக்கலாம். ‘தலையீடு’ என்றால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது என்ற சாயல் வந்துவிடும். ‘கால இடையீடு’ இடைவெளி என்று பொருள்படும்.

> தாத்தா முரணுக்குக் ‘காலவழு’ எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

கடந்தகாலம் போய்த் தன் தாத்தாவையே கொன்றவர் பிறந்தது எப்படி என்பதுதான் தாத்தா முரண். சொல் அழகுதான். ஆனால் இலக்கணத்தில் காலம் பிறழச் சொல்லும் காலவழுவோடு, தக்க காரணத்தால் அந்தப் பிழையை ஏற்கும் வழுவமைதியும் வருகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்காமலே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோமே, அதைத் தொல்காப்பியர் விரைவு கருதி ஏற்கிறார். தாத்தா முரணுக்கு அப்படி அமைதி காண வழியில்லை. ‘கால முரண்’ என்றே இருக்கட்டும்.

கடைசியாக, நான் இந்த மடலை எழுதக் காரணமான சொல். மேலெழுதுகை நடந்தால் கோடிக்கணக்கானவர்கள் பிறந்ததே இல்லை என்றாகிவிடும். அவர்கள் சாகவில்லை. செத்தவருக்கு வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறது, நினைத்து அழ ஆள் இருக்கிறது. இவர்களுக்கு இரண்டும் இல்லை. கொலை என்ற சொல் இதற்குப் போதவில்லை. ‘பிறவாமையாக்கல்’ என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் ‘பிறவாமை வேண்டும்’ என்று காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்ட மொழி இது. பேறாக வேண்டிப் பெறும் ஒன்றின் பெயரைப் பறிப்புக்கு வைக்கக் கூடாது. பள்ளியில் படித்த இல்பொருள் உவமை நினைவுக்கு வந்தது. உலகில் இல்லாததை உவமையாக்குவது. உள்பொருளாய் இருந்த ஒருவரை இல்பொருளாக்குவதால் ‘இல்பொருளாக்கம்’ என்று முன்மொழிகிறேன்.

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

மூன்றாகப் பிரித்தது நல்ல காரியம். ‘பங்கேற்பு’, ‘மேலெழுதுகை’ இரண்டுக்கும் என் ஒப்புதல். ‘இல்பொருளாக்கம்’ மட்டும் இடிக்கிறது. முதலில், மனிதரைப் ‘பொருள்’ என்பது உயர்திணையை அஃறிணையாக்குவது போலப் படுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல்: பிறக்கவே இல்லாதவருக்குத் தீங்கு செய்ததாக எப்படிச் சொல்வீர்கள்? தீங்கை ஏற்க ஓர் ஆள் வேண்டுமே. சொல்லை ஆக்கிவிட்டால் இல்லாத குற்றத்துக்குப் பெயர் வைத்ததாகிவிடாதா? இன்னொரு பக்கமும் பாருங்கள். அந்தப் போரில் செத்தவர்கள் வாழ்ந்திருந்தால் அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் பட்டியலில் சொல்லே இல்லை.

இதெல்லாம் நடக்கவே போவதில்லை என்பவர்களும் உண்டு. கடந்தகாலத்துக்குப் போவதை இயற்கையே தடுக்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல் கருத்து வைத்தார். 2009இல் காலப்பயணிகளுக்கென்று ஒரு விருந்து வைத்து, அழைப்பை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார், யாரும் வரவில்லை. அதுவும் ஒரு ஜூன் 28ஆம் தேதிதான்.

———

நன்றி. இரண்டாவது கேள்விதான் கனமானது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தீங்கை எங்கே நின்று அளக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. மாற்றம் முடிந்த பிறகு நின்று பார்த்தால் ஆள் இல்லை, நீங்கள் சொல்வது சரி. ஆனால் பயணி முடிவெடுப்பது புறப்படும் முன். அந்த நேரத்தில் இவர்கள் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு, பெயரோடும் முகத்தோடும் அவர் எதிரிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர் கிளம்பினால் அது அவர்களுக்கு இழைத்த தீங்கு. அந்த இடத்தைச் சுட்டுவதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

போரில் இறந்தவர்களின் பிறவாத பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒதுக்க மனம் வரவில்லை. இன்று இருப்பவர் என்ற ஒரே காரணத்தால் எங்கள் உயிருக்கு மட்டும் எடை என்று நாம் சொல்வது தன்னலமாக இருக்கலாம். ஆனாலும் இருப்பவரைப் பறிப்பதும், வராதவரை வரவழைக்காமல் இருப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. ஆகவே அவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘வாராதோர்’ எப்படி இருக்கிறது?

திணை பற்றி: மெய்யியலில் ‘பொருள்’ உயிரையும் இறையையும்கூடக் குறிக்கும்; ‘மெய்ப்பொருள்’, ‘உள்பொருள்’ எல்லாம் அந்த வழக்குதான். அஃறிணைச் சாயல் தடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. ‘இன்மையாக்கம்’ என்றால் வறுமைப்படுத்துதல் என்று திருக்குறள் படித்தவர்களுக்குத் தோன்றும்.

நடக்காது என்பதற்கு ஒன்றே சொல்வேன். எதிர்காலத்தை நோக்கிய பயணம் சிறிய அளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேகமாகச் செல்பவருக்கு நேரம் மெதுவாக ஓடுவதால், 803 நாட்கள் விண்வெளியில் இருந்த செர்கெய் கிரிகலோவ் நம்மைவிட நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு முன்னே போயிருக்கிறார். பின்னோக்கிய பயணம் முடியாது என்று இன்னும் யாரும் நிறுவவில்லை. 1949இல் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளிலிருந்தே கணித அறிஞர் குர்ட் கெடல் அதற்கு இடம் தரும் ஒரு தீர்வைக் காட்டிவிட்டார்.

‘கிளைப்பு’ பற்றி இன்னும் முடிவாகவில்லை. தாவரவியலில் இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘காலக்கிளைப்பு’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் போதுமா, அல்லது வேறு வேர்ச்சொல் பார்க்க வேண்டுமா என்று அத்துறை அறிந்தவர்கள் எழுதினால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.